என் இதழ், என் பேனா: வாசகர் கேட்டால் நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டுத்தோட்டம், இயற்கை விவசாயம் பற்றி 48 பக்கத்தில் ஒரு மாத இதழ் நடத்துகிறார். ஆசிரியர் அவர். இம்பிரிண்டில், அதாவது இதழின் வெளியீட்டு விவரம் அச்சாகும் பகுதியில், ‘வெளியிடுபவர்’ என்ற இடத்தில் மனைவியின் பெயர். சந்தாதாரர்கள் சுமார் 900 பேர். அதில் 140 பேர் 2,000 ரூபாய் கட்டிய ஆயுள் சந்தாக்காரர்கள். பென்ஷனிலிருந்து கைக்காசு போட்டுத்தான் இதழ் ஓடுகிறது. இப்போது நாலு பக்கமும் இடி. தோட்டம் எழுதி அலுத்துப்போய், தன் பழைய ரயில் பயணங்களை எழுத ஆரம்பித்தார். “சந்தா கட்டினது செடிக்கு, உங்க சுயசரிதைக்கு இல்லை” என்று ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். வேளாண் விஞ்ஞானி ஒருவர், இதழில் வந்த உரக் கட்டுரைக்கு 9 பக்க மறுப்பு அனுப்பி, போடாவிட்டால் கருத்துரிமையைப் பறித்ததாக வழக்குப் போடுவேன் என்கிறார். ‘பெயர் வெளியிட விரும்பாத வாசகர்’ எழுதிய கடிதம் ஒன்றால், உள்ளூர் விதைக்கடைக்காரர் 10 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நாலாவதாக, நண்பர் எழுதிய சர்க்கரை நோய்ச் சூரணக் கட்டுரையைப் படித்த ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது. அவருடைய மனைவி போன் செய்து அழுதிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் இப்படிக் கேட்கிறார்: “என் காசு, என் பேனா. விளம்பரக்காரனுக்குக்கூட வளைந்து கொடுத்ததில்லை. ‘கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல’ என்றும், ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்றும் முதல் இதழிலிருந்து போட்டுவருகிறேன். அப்படியிருக்க, நான் யாருக்குக் கட்டுப்பட்டவன்?”

வணக்கம் ஐயா,

நாலு விவகாரத்தையும் ஒரே கேள்வியாகச் சுருட்டிக் கேட்டிருக்கிறீர்கள். குழப்பமே அதில்தான். எதைப் போடுவது, எதை விடுவது என்பது ஒரு விஷயம். போட்டுவிட்டதற்கு யார் பதில் சொல்வது என்பது வேறு விஷயம். முதலாவதில் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதல் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. இரண்டாவதில் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. கடிதத்தில் இரண்டு பக்கம் முழுக்க அந்த விஞ்ஞானியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவரால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. நோட்டீஸையும் சூரணத்தையும் ஆளுக்கொரு பத்தியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். தூக்கம் கெட வேண்டியது அவை இரண்டுக்கும்தான்.

முதலில் நோட்டீஸ்

நோட்டீஸ் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, 15 நாள் கெடு என்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு இல்லை. அதற்குப் பதில் போடாததே ஒரு குற்றமும் ஆகாது. ஆனால் நாளை வழக்கு என்று வந்தால், “தெரிவித்தோம், வாயே திறக்கவில்லை” என்பதுதான் அவர்களின் முதல் வரியாக இருக்கும். ஆகவே கெடுவுக்குள், ஒரு வழக்கறிஞர் மூலம், சுருக்கமான பதில் போக வேண்டும். அதுவரை கடைக்காரரிடம் நேரில் போய்ச் சமாதானம் பேசாதீர்கள். உங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பது புரிகிறது. டீக்கடையில் நல்ல மனசோடு சொல்கிற “தெரியாம வந்துடுச்சுங்க” கோர்ட்டில் ஒப்புதல் வாக்குமூலமாக உட்கார்ந்துவிடும்.

இனி அந்த இரண்டு வாசகங்களுக்கு வருகிறேன். ‘கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல’ என்ற வரி நம்முடைய சிற்றிதழ்களில் பிள்ளையார் சுழி மாதிரி ஆகிவிட்டது. அதை நம்பித்தான் நீங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், அவதூறு வழக்கில் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவு (2024 ஜூலை 1-க்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500) அவதூறைச் சொன்னவரோடு அதை வெளியிட்டவரையும் சேர்த்தே பிடிக்கிறது. அச்சிட்டதற்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் தண்டனையாகத் தரலாம். நீங்களாக ஒரு வரி அச்சடித்துக்கொண்டு சட்டத்தின் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. அந்த வரி, எழுதியவருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள கருத்து வேறுபாட்டைக் காட்டும். அவ்வளவுதான்.

‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்பதும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவரைத் தவிர இன்னொருவர் படித்துவிட்டாலே அது சட்டத்தின் கண்ணில் வெளியீடுதான். உங்களுக்கு 900 பேர். புத்தகக் காட்சியில் பழைய இதழ்களை பைண்ட் செய்து விற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் தனிச்சுற்று எங்கே இருக்கிறது?

இதோடு பதிவு விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். 1867-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023-ல் வந்த பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செய்திகளையோ, பொதுச் செய்தி பற்றிய கருத்துகளையோ குறிப்பிட்ட இடைவெளியில் அச்சிட்டு வெளியிட்டால் அது பருவ இதழ். செடி வளர்ப்பு மட்டும் என்றால் விவாதிக்கலாம். நீங்கள் உர மானியம் பற்றித் தலையங்கம் எழுதுகிறீர்கள். விதைச் சட்டத்தைத் திட்டுகிறீர்கள். ‘தனிச்சுற்று’ என்று போட்டதால் பதிவு தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

நோட்டீஸுக்குத் திரும்புவோம். அந்த வாசகர் கடிதத்தின் நகலை நன்றாகப் படித்தேன். அதில் மூன்று வகையான வாக்கியங்கள் இருக்கின்றன. “இந்தக் கடையில் வாங்கிய கத்தரி விதை முளைக்கவில்லை” என்பது ஒருவரின் அனுபவம். பில்லும் பாக்கெட்டும் இருந்தால் தைரியமாக நிற்கும். “இவர் போலி விதை விற்கிறார்” என்பது குற்றச்சாட்டு. விதைப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கை மாதிரி ஏதாவது கையில் வேண்டும். “அதிகாரிகளுக்கு மாமூல் கொடுத்துத்தான் பிழைக்கிறார்” என்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை, வாசகரிடமும் இருக்காது. போதாக்குறைக்கு, கடிதத்துக்கு ‘விதைக்கடையா, வேஷக்கடையா?’ என்று தலைப்பு வைத்தது நீங்கள். மோனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் “வாசகரின் கருத்து, எனக்குச் சம்பந்தமில்லை” என்ற வாதம் அந்தத் தலைப்போடு போய்விட்டது.

“எல்லாம் உண்மைதான், ஊருக்கே தெரியும்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குத் தெரிந்தது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. மேலும், சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். குற்ற வழக்கில் அது போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். விதை பற்றிய பகுதியில் பொது நன்மையை நீங்கள் காட்டலாம், விவசாயிகள் படிக்கிற இதழ் என்பதால். மாமூல் வரியில் இரண்டையும் காட்ட முடியாது.

நக்கீரன் வழக்கை உங்களுக்குச் சாதகமாகக் காட்டியிருக்கிறீர்கள். 1994-ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாக உச்ச நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்குப் பெரிய பலம்தான். ஒரு எழுத்து வெளிவருவதற்கு முன்பே அதைத் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை என்றது. அரசுப் பதவியில் இருப்பவர், தன் பதவிக் கடமை பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்டால், எழுதியது பொய் என்பதோடு உண்மையைப் பற்றி அக்கறையே இல்லாமல் எழுதினார்கள் என்றும் காட்ட வேண்டும் என்றது. ஆனால் அந்தக் கூடுதல் பாதுகாப்பு பொதுப்பதவி வகிப்பவரை விமர்சிக்கும்போதுதான். விதைக்கடைக்காரர் தனிமனிதர். அதே தீர்ப்பு தனிமனிதரின் அந்தரங்க உரிமையையும் உயர்த்திப் பிடிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

கடிதம் எழுதியவர் யார் என்று நோட்டீஸில் கேட்டிருக்கிறார்கள். வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், சொல்ல வேண்டாம். நோட்டீஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் “ஆதாரத்தை வெளியிடச் சொல்லிப் பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்தவே முடியாது” என்பது தவறான நம்பிக்கை. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு பிரஸ் கவுன்சில். அதற்கான 1978-ம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது; அது கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும்தான். நீதிமன்றம் கேட்டால் நிலைமை வேறு. இப்போதே அந்த வாசகரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். பில், விதை பாக்கெட், அதில் உள்ள குவியல் எண், விதை ஆய்வாளரிடம் கொடுத்த புகார் நகல், எது இருந்தாலும் வாங்கி வையுங்கள். ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னால் அதுவும் உங்களுக்கு முக்கியமான தகவல்தான். வருத்தம் தெரிவிப்பதா, எதிர்த்து நிற்பதா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். அவருக்கு உண்மையிலேயே நஷ்டம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகட்டும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் உங்கள் மனைவி. “அவளுக்கு இதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது, பெயருக்குத்தான் போட்டேன்” என்கிறீர்கள். நோட்டீஸ் அவர் பெயருக்கும் வந்திருக்கிறதே! அச்சில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் ஆள் வரும். 1908-ல் ‘இந்தியா’ பத்திரிகையில் எழுத்தெல்லாம் பாரதியுடையது. பதிவில் ஆசிரியராக இருந்தவர் ஸ்ரீநிவாசன். ராஜதுரோக வழக்கில் சிறைக்குப் போனவர் ஸ்ரீநிவாசன்தான்; பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். இன்றைய வழக்கு அவ்வளவு பெரியதல்ல. இருந்தாலும் அடுத்த இதழுக்கு முன் அந்த இம்பிரிண்டை முறைப்படி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய இதழுக்கு அது உதவாது, இனிமேலாவது அவரை நிம்மதியாக இருக்க விடலாம்.

10 லட்சம் என்ற தொகையைப் பார்த்து ரத்த அழுத்தம் ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கிறவர், கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். நோட்டீஸில் கேட்கும் தொகைக்கே எல்லாரும் வழக்குப் போடுவதில்லை. வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பும் உண்டு. குற்றப் புகாராகப் போனால், புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ம் பிரிவுப்படி, மாஜிஸ்திரேட் வழக்கை எடுத்துக்கொள்ளும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அந்த வாய்ப்பு முன்பு இல்லை. அந்த இதழின் மீதிப் பிரதிகளையும் அது சேர்ந்த பைண்ட் தொகுப்பையும் இன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகும் விற்றால், தெரிந்தே பரப்பினார் என்று ஆகும்.

சூரணம்

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“நான் சாப்பிடச் சொல்லவில்லை. நண்பர் எழுதினார், போட்டேன். படிக்கிறவருக்கு சொந்த புத்தி வேண்டாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரையைப் பார்த்தேன். ‘மூன்றே மாதத்தில் இன்சுலினுக்கு விடை கொடுங்கள்’ என்று தலைப்பு. கடைசி வரியில் நண்பரின் போன் நம்பர், அதன் கீழே ‘200 கிராம் 450 ரூபாய், கூரியர் தனி’. இதற்குப் பெயர் கட்டுரை இல்லை ஐயா. விளம்பரக்காரனுக்கு வளைந்து கொடுத்ததில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் காசு வாங்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் காசு வாங்காமல் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

1954-ம் ஆண்டிலிருந்து மருந்து மற்றும் மந்திர நிவாரணங்கள் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும் என்று சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. அந்த அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது. சித்தம், ஆயுர்வேதம், பாட்டி வைத்தியம் என்ற பெயர்கள் இதற்கு விலக்கு ஆகாது. விளம்பரம் என்பதற்குச் சுற்றறிக்கை, லேபிள், மேலுறை வரை சேர்த்து விரிவான பொருள் கொடுத்திருக்கிறார்கள். தடை மருந்து விற்பவருக்கு மட்டுமல்ல, அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுக்கிறவருக்கும்தான். உண்மையான அறிவியல் நோக்கிலோ சமூக நோக்கிலோ எழுதப்பட்ட நூல்களுக்கு விலக்கு உண்டு. கூரியர் செலவு தனி என்று முடிகிற எழுத்தை அதற்குள் நுழைக்க என்னால் முடியாது. 2024-ல் பதஞ்சலி நிறுவனம் இதே மாதிரி விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றதும், பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டதும் நினைவிருக்கும். இது போக, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வெளியிட்டவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். வழக்கமான தொழில் போக்கில் வெளியிட்டேன் என்று தற்காப்பு சொல்லலாம்தான். ஆனால் நண்பருக்காக, நீங்களே தலைப்பு வைத்துப் போட்ட பக்கத்துக்கு அது எவ்வளவு தாங்கும்?

அந்த அம்மாவின் கணவருக்கு ஆன ஆஸ்பத்திரிச் செலவை உங்களிடம் வசூலிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரைதான் காரணம் என்று நிரூபிப்பது அவர்களுக்கு எளிதாக இருக்காது. நடுவில் நோயாளியின் முடிவு இருக்கிறது, மருத்துவரைக் கேட்டாரா என்பது இருக்கிறது. இதைக் கேட்டதும் உங்களுக்கு நிம்மதி வந்தால், அந்த நிம்மதியை நான் விரும்பவில்லை. அந்த அம்மா பணம் கேட்கவே இல்லை. “இப்படி ஆகிவிட்டது என்று அடுத்த இதழில் போடுங்கள், வேறு யாராவது ஊசியை நிறுத்தியிருக்கப் போகிறார்கள்” என்றுதான் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 900 வீட்டுக்குப் போன இதழ். எத்தனை வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பார் என்று கணக்குப் போடவே வேண்டாம், நம் ஊர் நிலைமை தெரிந்ததுதான். நான் மருத்துவர் இல்லை. இன்சுலினைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று தெரிந்துகொள்ள மருத்துவராக இருக்க வேண்டியதும் இல்லை.

“திருத்தம் போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே” என்று தயங்குகிறீர்கள். விதைக்கடை விஷயத்தில் அந்தத் தயக்கம் சரி. ஆதாரத்தைப் பார்த்து, வழக்கறிஞரோடு உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துத்தான் எழுத வேண்டும். இங்கே அப்படித் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த இதழ் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சந்தாதாரர் முகவரி எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ஒரு தபால் அட்டை போதும். இப்படி எழுதலாம்:

“சென்ற மாத இதழின் 22-ம் பக்கத்தில் நீரிழிவுச் சூரணம் பற்றி வந்த கட்டுரையை நம்பி எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். அதில் சொல்லப்பட்ட பலன்களுக்கு மருத்துவ ஆதாரம் எங்களிடம் இல்லை. இன்சுலினையோ மாத்திரையையோ யாராவது நிறுத்தியிருந்தால் உடனே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.”

இதையே அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே அளவுக்குக் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். 47-ம் பக்கத்தில், கோலமாவு விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். நண்பரின் பெயரை இழுத்துத் திட்டவும் வேண்டாம். அது அடுத்த நோட்டீஸுக்கு வழி.

மறுப்புக் கட்டுரை

விஞ்ஞானியின் மிரட்டலுக்கு வருவோம். தனியார் இதழ் ஒன்றைக் கட்டாயப்படுத்தி மறுப்பை அச்சிடவைக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. அவர் தன் கடிதத்தில் காட்டியிருக்கும் தீர்ப்பு எல்.ஐ.சி. எதிர் மனுபாய் ஷா, 1992. அதை அவர் பாதிதான் படித்திருக்கிறார். எல்.ஐ.சி.யின் திட்டங்கள் பாலிசிதாரர்களுக்கு அநியாயம் செய்கின்றன என்று அகமதாபாத்தைச் சேர்ந்த மனுபாய் ஷா ஓர் ஆய்வை வெளியிட்டார். அதற்கு எல்.ஐ.சி. தரப்பிலிருந்து ஒரு மறுப்பு ‘தி ஹிந்து’வில் வந்தது, அதற்கு ஷாவின் பதிலும் அங்கேயே வந்தது. எல்.ஐ.சி.யோ தன்னுடைய ‘யோகக்ஷேமா’ இதழில் தங்கள் தரப்பை மட்டும் போட்டுக்கொண்டு, ஷாவின் பதிலைப் போட மாட்டோம், இது எங்கள் வீட்டு இதழ் என்றது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். காரணம், எல்.ஐ.சி. அரசின் ஓர் அங்கம். பொதுப் பணத்தில் இதழ் நடத்திக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை. உங்கள் இதழ் உங்கள் பென்ஷனில் நடக்கிறது. அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டாது.

அவர் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதமோ சிறையோ விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை. வந்த கடிதங்களில் எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு என்பதை அதன் நெறிமுறைகளே ஏற்கின்றன. சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரண்டு பக்கமும் தெரியும்படி அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள் என்றும், சுருக்கும்போது பொருளைத் திரிக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கின்றன.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் மறுத்த காரணம் எனக்கு நெருடுகிறது. “அவர் கெமிக்கல் கம்பெனி ஆதரவாளர்” என்கிறீர்கள். அவருடைய 9 பக்கத்தில் 3-ம் பக்கம் பாருங்கள். உங்கள் கட்டுரையில் ஒரு சென்ட்டுக்குச் சொன்ன அளவு ஒரு ஏக்கருக்கானது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அது கொள்கைச் சண்டை இல்லை, எண் பிழை. அதை நம்பி யாராவது தொட்டியில் கொட்டினால் செடி கருகும். அந்தத் திருத்தத்தை அவர் பெயரோடு போட்டுவிட்டு, மீதியில் இரண்டு பக்க அளவுக்குச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். நீங்களாக வெட்டி ஒட்டாதீர்கள். எழுத்தின் பதிப்புரிமை அவருடையது, பெயர் கெடும்படி திரித்தால் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ம் பிரிவில் அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. வாசகர் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும் யோசனைக்கும் இதே பதில்தான். எழுதியவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சந்தாவும் ரயில் பயணமும்

இதில்தான் நீங்கள் நியாயமாகக் கோபப்படுகிறீர்கள். சந்தா கட்டியவர் இதழை வாங்குகிறார், உங்கள் பேனாவை வாங்கவில்லை. சில பக்கம் ரயில் பயணம் வந்ததால் சந்தாவைத் திருப்பிக் கொடு என்று சட்டப்படி கேட்க முடியாது. எந்த ஆசிரியரும் வாசகரிடம் வாக்கெடுப்பு நடத்தி எழுதுவதில்லை. (அந்த விருத்தாசலம் ஜங்ஷன் பகுதி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆனால் உங்கள் சந்தா படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘முழுக்க முழுக்க வீட்டுத்தோட்டத்துக்கான ஒரே மாத இதழ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடைசி மூன்று இதழில் 48-ல் 30 பக்கம் உங்கள் பயணம். ஒன்றைச் சொல்லிப் பணம் வாங்கி வேறொன்றை அனுப்பினார் என்று ஒருவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அது முழுக்க அர்த்தமில்லாத புகார் ஆகாது. 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. அவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். திருநெல்வேலி சந்தாதாரர் அங்கே போட்டால் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும். 300 ரூபாய் சந்தாவுக்கு இந்த அலைச்சல் தேவையா?

இதற்கு வழி எளிது. மாறப் போகிறது என்று முன்கூட்டி அறிவியுங்கள், விருப்பமில்லாத ஆண்டுச் சந்தாக்காரருக்கு மீதி மாதத்துக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள், படிவத்து வாசகத்தை மாற்றுங்கள். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். கொடுக்கத் தயார் என்று சொன்னதே அவர்களுக்குப் போதும்.

ஆயுள் சந்தாதான் கொஞ்சம் சிக்கல். யாருடைய ஆயுள் வரை, சந்தாதாரரின் ஆயுளா, இதழின் ஆயுளா, என்று படிவத்தில் ஒரு வரியும் இல்லை. இப்படித் தெளிவில்லாத வாசகம் வழக்குக்கு வந்தால், அதை எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்வதுதான் வழக்கம். எழுதியவர் நீங்கள். 140 பேரிடம் வாங்கிய 2,80,000 ரூபாய் எப்போதோ காகிதமாகவும் தபால்தலையாகவும் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். இதழ் தொடரும்வரை பிரச்சினை இல்லை. கடிதத்தில் ஓரிடத்தில் “பேசாமல் நிறுத்திவிடலாமா” என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி முடிவெடுத்தால் அந்த 140 பேருக்கும் முதலில் தனித்தனியாக எழுதுங்கள். அண்மையில் சேர்ந்தவர்களுக்குப் பகுதித் தொகையோ, உங்கள் பழைய தொகுப்புகளோ தருவதாகச் சொல்லி, அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் சேவைக் குறைபாடு என்று கேட்க அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இன்று முதல் புதிதாக ஆயுள் சந்தா வாங்க வேண்டாம்.

இந்த வாரம்

வரிசை இதுதான்: நாளைக்கே தபால் அட்டை. அதற்கு அடுத்த நாள் கடிதம் எழுதிய வாசகரிடம் ஆதாரம் கேட்பது. கெடுவுக்கு மூன்று நாள் முன்பாவது உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் நோட்டீஸ், அது வந்த கவர், அந்த இதழின் இரண்டு பிரதி, வாசகரின் கையெழுத்துக் கடிதம், உங்கள் பதிவு ஆவணம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது. கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் உள்ள தபால் முத்திரையின் தேதி வேண்டும். சூரண விஷயத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பதில் நோட்டீஸில் உங்கள் மனைவியின் கையெழுத்தும் தேவைப்படலாம். போடும் முன் முழுதையும் அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை அவர் எதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.